காலை எஃப்.எம். அரட்டை எழுதி வைத்ததா, வாய்க்கு வந்ததா?

காலை ஏழு மணிக்கு எந்த எஃப்.எம். நிலையத்தைத் திருப்பினாலும் இருவர் இட்லியையும் சட்னியையும் பேருந்து நெரிசலையும் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதி வைத்துப் படிக்கிறார்களா, வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்களா, இதற்கெல்லாம் ஒரு பயிற்சி உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாம் கல்லூரி இறுதியாண்டில் இருப்பதாகவும், இந்த வேலைக்கு வர விரும்புவதாகவும், "வெட்டிப் பேச்சுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்" என்று வீட்டில் கேட்பதாகவும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் அவருடைய உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதினார்களா, எழுதவில்லையா என்பது செய்முறை பற்றிய ஐயம். அந்தப் பேச்சில் வேலை என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கிறதா என்பதே அவரை உறுத்துகிறது. நான் கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகள் காலை நிகழ்ச்சியின் அறிவிப்பாளராகவும், பிறகு சென்னையில் ஆறு ஆண்டுகள் அதே நேரத்து நிகழ்ச்சியின் தயாரிப்பாளராகவும் இருந்தவன். தமிழ்நாட்டுத் தனியார் எஃப்.எம். நிலையங்களின் நடைமுறையை உள்ளிருந்து பார்த்த அளவில் பதில் சொல்கிறேன். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் வானொலிகளில் நான் வேலை பார்த்ததில்லை என்பதால் இதை அவற்றுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: தொடக்க வரியும் முடிவு வரியும் பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டவை, இடையில் வருவது அந்த நேரத்தில் பேசப்படுவது. இரண்டு பாடல்களுக்கு இடையே அறிவிப்பாளர் பேசும் துண்டை நாங்கள் லிங்க் என்போம். ஒரு லிங்க் முக்கால் நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை ஓடும். அதற்குமேல் போனால் தயாரிப்பாளர் ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையால் கத்தரிப்பது போலச் சைகை காட்டுவார். நான்கு மணி நேர நிகழ்ச்சி என்று கேட்பவர்கள் நினைப்பதில் பெரும்பகுதி பாடலும் விளம்பரமும் நிலையத்தின் பெயரைச் சொல்லும் ஜிங்கிள்களும்தான். உண்மையான பேச்சு, எங்கள் நிகழ்ச்சியில், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முந்தின நாள் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து மூன்று நான்கு நாளிதழ்களை, குறிப்பாக அவற்றின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டுவோம். கையில் இருப்பது ஒரு தாள். அதில் ஒவ்வொரு லிங்குக்கும் இரண்டு வரிகள், எந்தச் சொல்லில் நுழைவது, எந்தச் சொல்லில் வெளியேறுவது என்று மட்டும். முழுவதும் எழுதிப் படித்தால் அது படிக்கும் குரல் என்பது மூன்றாவது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஒன்றுமே எழுதாமல் போனால் வெளியேறும் வழி தெரியாமல் "அப்படின்னு சொல்லிட்டு… சரி… ஓகே… ஒரு பாட்டு கேட்போம்" என்று தடுமாற நேரும். புதியவர்களிடம் நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை பேச்சைத் தொடங்குவதில் வந்தவை அல்ல, முடிக்கத் தெரியாததால் வந்தவை.

இட்லியும் மழையும் ஏன் பேசுபொருளாகின்றன என்பதற்கு ரசனையைவிடச் சட்டம் பெரிய காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001 ஜூலையில் பெங்களூரில் தொடங்கியது. அன்று முதல் இன்றுவரை தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை. தனியார் எஃப்.எம். நிலையங்களுக்காக மத்திய அரசு 2011-இல் கொண்டுவந்த மூன்றாம் கட்டக் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ள இடம் கொடுத்தது; போக்குவரத்து, வானிலை, திருவிழாக்கள், கலை நிகழ்ச்சிகள், தேர்வு முடிவுகள், மாணவர் சேர்க்கை, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சார அறிவிப்புகள் போன்றவை செய்தியாகக் கருதப்படமாட்டா என்றும் சொன்னது. அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தால் நீங்கள் காலையில் கேட்கும் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருப்பது தெரியும். இவற்றோடு அகில இந்திய வானொலியின் ஒலிபரப்பு நெறிமுறைகளும் எங்களைக் கட்டுப்படுத்துகின்றன. அரசியல் பேச முடியாத ஒருவர் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், ஊர் என்ன சாப்பிடுகிறது, எதில் பயணம் செய்கிறது, எதற்குச் சண்டை போடுகிறது என்றுதான் பேச முடியும். தக்காளி விலை ஏறியதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. "இன்றைக்குத் தக்காளி இல்லாமல் என்ன சட்னி அரைத்தீர்கள்" என்று கேட்கலாம். கேட்டவுடன் ஊர் முழுதும் விலையைச் சொல்லிவிடும். இப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குக் கடைசிவரை சுவாரசியமாகவே இருந்தது, சில நாட்கள் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த வகைப் பேச்சு எஃப்.எம். காலத்தில் பிறந்ததும் அன்று. சென்னையில் வானொலி 1924-இல் ஆர்வலர்களின் கழகமாகத் தொடங்கி, 1930-இல் மாநகராட்சியின் பொறுப்புக்குப் போய், 1938-இல் அகில இந்திய வானொலி நிலையமாயிற்று. அடுத்த ஆண்டே திருச்சியிலும் ஒரு நிலையம் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் வானொலியில் கேட்டது பெரும்பாலும் மேடைத் தமிழ். அதற்குள்ளிருந்தே திண்ணைத் தமிழில் பேசிக் காலை நேரத்தைத் தம் பக்கம் இழுத்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலியில் பண்ணை ஒலிபரப்பில் இருந்து, பிறகு சென்னைக்கு வந்து "இன்று ஒரு தகவல்" சொன்னவர். சில நிமிடங்கள்தான் பேசுவார். தகவல் ஒன்று, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. கேட்பவன் சிரிப்பான், அவர் சிரிக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தயாரிப்பாளர் எனக்குச் சொன்ன முதல் திருத்தம் இதுதான்: "நீ சிரிச்சு முடிச்சுட்டா அவங்களுக்கு என்ன மிச்சம் வைக்கிற?" மறுபுறம், தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் கடற்கரை மாவட்டங்களிலும் வளர்ந்தவர்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இன்னொரு பள்ளிக்கூடம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் உச்சரிப்பையும் வேகத்தையும் கேட்டே பலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். இன்றைய காலை அறிவிப்பாளரிடம் இரண்டு பள்ளிகளின் சாயலும் கலந்து கிடக்கின்றன, அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ. வானொலிப் பேச்சுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு: 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பண்ணை ஒலிபரப்பு வழியாகப் பரவியதால் தஞ்சை வட்டாரத்து விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் சட்னிப் பேச்சை அதற்கு நிகராக வைக்கும் துணிவு எனக்கில்லை. பேச்சு வயல்வரை நடந்த காலமும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இனி வேலை எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் காலை நிகழ்ச்சியின் முக்கால் வெற்றி அன்றைய கேள்வியில் இருக்கிறது. "உங்களுக்குப் பிடித்த காலை உணவு எது?" என்று கேட்டால் தொலைபேசியில் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் இட்லி என்பார்கள், இரண்டு பேர் பொங்கல் என்பார்கள், ஒருவர் "நீங்க எது சொல்றீங்களோ அதுதாங்க" என்பார். அந்தக் கேள்வி செத்துவிட்டது. "மிஞ்சிய இட்லியை உப்புமா ஆக்கும் வீட்டில், அதை யாருடைய தட்டில் முதலில் வைப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும், கூடவே ஒரு பழைய மனத்தாங்கலும் வரும். கேள்வி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பவர் சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதிலுக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும். பண்பாடு என்ற பெரிய சொல்லை நாங்கள் ஒலிபரப்பில் பயன்படுத்தியதே இல்லை. மார்கழியில் வாசலில் கோலம் போடும்போது பக்கத்து வீட்டுக் கோலத்தை எட்டிப் பார்த்ததுண்டா, ஆடி மாதம் கோயில் கூழுக்கு எந்தப் பாத்திரம் எடுத்துப் போவீர்கள், நோன்புக் கஞ்சி உங்கள் தெருவில் எத்தனை வீடு தாண்டி வரும், கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடும்போது முதல் முறுக்கு ஏன் எப்போதும் அச்சை விட்டு வருவதில்லை என்று கேட்டோம். பண்பாடு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

என் முதல் பாடத்தைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கோயம்புத்தூரில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், அழைத்த ஓர் அம்மா காலையில் சந்தகை செய்ததாகச் சொன்னார். "ஓ, இடியாப்பமா" என்று சொல்லிவிட்டுப் பாடலுக்குப் போய்விட்டேன். பாடல் முடிவதற்குள் எங்கள் தொலைபேசி இணைப்புகள் அனைத்திலும் விளக்கு எரிந்தது. "ஏனுங்க தம்பி, இடியாப்பத்துக்கு மாவைப் புழிஞ்சு அப்புறம் வேக வெப்பாங்க, சந்தகைக்கு அரிசிய ஊறப்போட்டு ஆட்டி, வேக வெச்சு, சூடா இருக்கறப்பவே புழியோணுமுங்க. ரெண்டும் ஒண்ணாயிருமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், சந்தகை பிழிய வீட்டில் கையில் பலமுள்ள ஓர் ஆள் வேண்டும், அதனால் பேரன் ஊருக்கு வந்தால்தான் தமக்குச் சந்தகை என்றார். மூன்றாமவர் அதற்குத் தேங்காய்ப் பாலா, எள்ளுப் பொடியா என்று ஒரு வழக்கைத் தொடங்கினார். மறுநாளும் அதே வழக்கு நடந்தது. நான் திட்டமிட்டிருந்த எந்தப் பேச்சும் அந்த இரண்டு நாளுக்கு நிகராகப் போனதில்லை. அன்று முதல் ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டேன்: கேட்பவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அதுவே என் முதலீடு. ஆனால் தெரியாதவன் போல நடிப்பது வேறு. இரண்டாம் முறை வேண்டுமென்றே அப்படி ஒரு தவற்றைச் செய்து பார்த்தேன், மூன்றே அழைப்புகள் வந்தன, அவற்றில் ஒன்று "தம்பி, சும்மா கேக்கறீங்கல்ல?" என்றது.

தொலைபேசி அழைப்புகள் நேரடியாக ஒலிபரப்பாவதில்லை என்பதைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பாடல் ஓடும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் அழைத்தவரிடம் பேசிப் பதிவு செய்து, "ஹலோ, கேக்குதுங்களா, ரேடியோ சத்தத்தைக் கொறைங்க" என்ற பகுதியையெல்லாம் வெட்டி, அடுத்த லிங்கில் போடுவதுதான் பரவலான நடைமுறை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆபாசமோ அவதூறோ ஒலிபரப்பாகிவிடாமல் தடுக்க நிலையத்துக்கு இருக்கும் பாதுகாப்பு அது. ஆனால் வெட்டுவதிலும் நேர்மை உண்டு. ஒருவர் சொல்லாத பொருளை அவர் சொன்னதுபோல ஒட்டக் கூடாது. பேசும்போது அவர் விட்ட இடைவெளியைச் சிரிப்புக்காக நீட்டக் கூடாது. பேசுபவரைத் தேர்ந்தெடுப்பதிலும் கை இருக்கிறது. வேகமாகப் பேசும் நகரத்து இளைஞர்களை மட்டும் எடுத்தால் நிகழ்ச்சி துள்ளும், ஆனால் ஒரு மாதத்தில் எல்லாக் குரலும் ஒரே குரலாகிவிடும். மெதுவாக, சுற்றி வளைத்துச் சொல்லும் ஒரு பாட்டியின் மூன்று நிமிடத்தை முப்பது நொடியாக்கி, அவர் நடையும் குலையாமல் காப்பாற்றுவதே எனக்குத் தெரிந்த மிகக் கடினமான வேலை. தயாரிப்பாளரான பிறகு என் நேரத்தில் பாதி அதில்தான் போயிற்று.

காலை நேரத்துக்கென்றே சில இயல்புகள் உண்டு. ஏழிலிருந்து எட்டரை வரை வீடு சத்தமாக இருக்கும்: மிக்ஸி, குக்கர் விசில், பள்ளிக்குக் கிளம்பும் குழந்தையின் காலுறை தேடல். நீங்கள் சொல்லும் நகைச்சுவையின் முக்கியச் சொல் விசிலில் அடிபட்டுப் போகும். ஆகவே அந்தச் சொல்லை வேறு வடிவில் இன்னொருமுறை சொல்ல வேண்டும், சொன்னது தெரியாமல். கேட்பவர் உட்கார்ந்து கேட்பதில்லை. குளித்துவிட்டு வந்து பாதியில் சேர்வார், வண்டியை நிறுத்தியதும் பாதியில் போய்விடுவார். ஒவ்வொரு லிங்கின் தொடக்கத்திலும் "இன்றைக்கு நாம் பேசுவது இது" என்று நினைவூட்டாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர் அந்நியர் வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல உணர்வார். அந்த நினைவூட்டல் ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வரும். பதினைந்தும் வேறு வேறு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதச் சொன்னதைப் போன்றதுதான், ஆனால் அதைப் போல மொழிப் பயிற்சி வேறில்லை. கோயம்புத்தூர்த் தனியார் நகரப் பேருந்துகளில் ஓட்டுநர் தலைக்குமேல் ஒலிபெருக்கி இருக்கும். ஒரு பேருந்துக் கூட்டம் முழுதும் ஒன்றாகக் கேட்கும் பேச்சில் "நீ" என்று ஒருவரைத் தனியே விளிப்பது எப்படி ஒலிக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் கொங்கு வழக்கின் "ங்க" எனக்குப் பெரிய துணையாயிற்று. மரியாதையும் நெருக்கமும் ஒரே ஒலியில் கிடைத்துவிடும்.

இருவர் பேசும் நிகழ்ச்சியில் இருவரும் ஒத்துப்போனால் நிகழ்ச்சி தூங்கிவிடும். "ஆமா ஆமா, சூப்பர்ல" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவரும் அதையே சொன்னால் கேட்பவருக்கு அங்கே இடமில்லை. சிறிய, யாருக்கும் இழப்பில்லாத ஒரு கருத்து வேறுபாடு வேண்டும்: பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமா, மோர் மிளகாயா, ஃபில்டர் காபியில் சிக்கரி சேர்ப்பது குற்றமா இல்லையா, தோசைக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்பதா, தொடுகறி என்பதா. வேறுபாடு உண்மையாக இருக்க வேண்டும். என்னோடு பேசிய அறிவிப்பாளர் வெண்பொங்கலை உண்மையிலேயே வெறுத்தார், நான் அதற்கு அடிமை. அந்த ஒன்றை வைத்தே எங்கள் நிகழ்ச்சி பல மார்கழிகளைக் கடந்தது.

உணவைப் பற்றிய பேச்சு எளியது என்று எண்ணி வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நம் ஊரில் "என்ன சாப்பிட்டீர்கள்" என்பது நலம் விசாரிக்கும் சொல். சற்றுத் திரும்பினால் அதுவே நீங்கள் யார், எந்தத் தெரு, என்ன மதம், என்ன சாதி என்று விசாரிக்கும் சொல்லாகவும் ஆகிவிடும். எந்த இறைச்சி, எந்த நாளில், யார் வீட்டுப் பாத்திரத்தில் என்று கேள்வி நுணுகும்போது அறிவிப்பாளர் தாம் எங்கே போகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். "நம்ம வீடுகளில் இன்றைக்கு யாரும் கவிச்சி சமைக்கமாட்டோம் இல்லையா" என்று ஒரு புதிய அறிவிப்பாளர் புரட்டாசிச் சனியன்று சொன்னார். அவர் மனத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த "நம்ம" என்ற ஒரு சொல் கேட்பவர்களில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது என்பதை விளக்க எனக்கு ஒரு மதியம் ஆயிற்று. பசித்த வீடும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. மாமியார் மருமகள் நகைச்சுவை, மனைவி சமையலைக் கிண்டலடிப்பது, பிற வட்டாரத்தாரின் பேச்சைக் கேலியாகப் போலி செய்வது ஆகியவை சுலபமாகச் சிரிப்பைத் தரும். அவற்றை நானும் என் முதல் இரண்டு ஆண்டுகளில் செய்திருக்கிறேன், இப்போது அந்தப் பதிவுகளைக் கேட்கக் கூசுகிறது.

தொலைபேசியில் ஒருவரை ஏமாற்றிச் சிரிக்கும் பகுதியைப் பற்றி நான் மென்மையாகப் பேசமாட்டேன். பல நிலையங்களில் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது உண்மை. ஏமாற்றப்பட்டவரின் சம்மதத்தைப் பிறகு கேட்டு வாங்கியே ஒலிபரப்புவதும் உண்டு. ஆனால் வேலை போய்விடுமோ, வங்கிக் கடன் பிரச்சினையோ என்று ஒருவர் இரண்டு நிமிடம் நடுங்கியதற்குப் பிறகு வாங்கும் சம்மதம் எத்தகையது? 2012 டிசம்பரில் சிட்னி வானொலி நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர்கள் இருவர் அரச குடும்பத்தினர் போலக் குரல் மாற்றி லண்டன் மருத்துவமனை ஒன்றை அழைத்தார்கள். அந்த அழைப்பை எடுத்து இணைத்துவிட்ட, இந்தியாவில் பிறந்த செவிலியர் சில நாட்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே எங்கள் நிகழ்ச்சியிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துவிடும்படி கேட்டேன். உடனே நடக்கவில்லை, சில மாதங்கள் ஆயிற்று.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். செய்தித் தடையும் நெறிமுறைகளும் உறுதியானவை, எழுத்தில் உள்ளவை. லிங்கின் நீளம், பதிவு செய்து போடும் முறை ஆகியவை நான் பார்த்த நிலையங்களில் ஒரே மாதிரியாக இருந்தவை. ஆனால் கேட்பவரைக் கட்டிப்போடுவது பேச்சா, பாடலா என்று கேட்டால் என்னிடம் நம்பிக்கை இருக்கிறது, ஆதாரம் இல்லை. வானொலிக் கேட்பாளரைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் முறை 2007-இல் வந்தபோது மும்பை, தில்லி, பெங்களூர் போன்ற நகரங்களையே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் நாங்கள் அழைப்புகளின் எண்ணிக்கையையும் கடைத்தெருவில் காதில் விழுவதையும் வைத்தே காலம் தள்ளினோம். அழைப்பவர்கள் கேட்பவர்களில் மிகச் சிறிய பகுதி, அதிலும் அடிக்கடி அழைக்கும் ஐம்பது அறுபது பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியும். அவர்களை வைத்து ஊரை அளந்தது எவ்வளவு சரி என்று எனக்கு இன்றும் ஐயமுண்டு. நல்ல பேச்சு இருந்தும் பாடல் தேர்வு சரியில்லாமல் படுத்த நிகழ்ச்சிகளையும், பேச்சில் ஒன்றுமில்லாமல் பாடலால் ஓடியவற்றையும் பார்த்திருக்கிறேன்.

வெட்டிப் பேச்சு என்று வீட்டில் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு 2015 டிசம்பரின் சென்னை வெள்ளத்தை மட்டும் சொல்கிறேன். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்த பகுதிகளில் பேட்டரியில் ஓடும் வானொலி மிஞ்சியது. அப்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளராக இருந்தேன். எங்கே படகு தேவை, எந்தப் பாலம் மூடப்பட்டிருக்கிறது, எந்த மண்டபத்தில் உணவு கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த குரல்கள், முந்தின வாரம் வடை கறி பற்றிப் பேசிய அதே குரல்கள்தாம். ஒரு முதியவர் அழைத்து முகவரி சொல்லும்போது எங்கள் அறிவிப்பாளரைப் பெயர் சொல்லி, "நீ சொன்னா நம்புறேம்மா, மாடிக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டார். அந்த நம்பிக்கை அன்று காலையில் பிறந்ததில்லை. தினம் தினம் வடை கறி பேசிச் சேர்த்தது. எல்லா நிகழ்ச்சிக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்றோ, அதற்காகத்தான் அரட்டை அடிக்கிறோம் என்றோ சொன்னால் அது மிகை.

கடைசியாக, வேலைக்கு வருவது பற்றி. எழுந்திருப்பது நான்கு மணிக்கு. இரவுத் திருமணங்களும் இரண்டாம் ஆட்டமும் உங்களுக்கு இல்லை. தொடக்கச் சம்பளம் நிலையத்துக்கு நிலையம், ஊருக்கு ஊர் மாறும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ஒப்பந்த வேலையே அதிகம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் எஃப்.எம். வசதி காணாமல் போய்க்கொண்டிருந்ததால் 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அதை விடாமல் வைக்கும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது என்பதிலிருந்தே தொழிலின் நிலையை நீங்கள் ஊகிக்கலாம். அப்படியும் வர விரும்பினால், குரல் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். முப்பது நாட்கள், நாள்தோறும் காலையில் சாப்பிட்ட ஒன்றைப் பற்றிக் கைப்பேசியில் நாற்பத்தைந்து நொடி பேசிப் பதிவு செய்யுங்கள்; தொடக்க வரியும் முடிவு வரியும் மட்டும் தாளில் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டு, எந்த நொடியில் உங்களுக்கே கவனம் கலைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பாட்டியிடமோ தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரிடமோ ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்டு, அவருடைய அனுமதியோடு பதிலைப் பதிவு செய்து, அதை முப்பது நொடிக்குச் சுருக்குங்கள். அவரிடமே போட்டுக் காட்டுங்கள். "நான் இப்படியா சொன்னேன்?" என்று அவர் கேட்டால் மறுபடி வெட்டுங்கள். "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று அவர் சொல்லும் பதிவு ஒன்றும், உங்கள் குரலில் இரண்டு லிங்குகளும் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு மாதிரிப் பதிவு தயாரித்து நிலையங்களுக்கு அனுப்புங்கள். நீளமாக அனுப்பினால் யாரும் முழுதாகக் கேட்கமாட்டார்கள், நான் கேட்டதில்லை.